பதினான்காவது நிபந்தனை

கடற்கரைப் பூங்காவை அரசாங்கத்தின் பூங்காத் துறை நகராட்சியிடம் ஒப்படைத்த அன்று, கொடுக்கிற பக்கம் கையெழுத்துப் போட்டவர் விசில்காரர். வாங்குகிற பக்கம் கையெழுத்துப் போட்டவர் அவருடைய சகலை. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஒருவர் துறையில் மேற்பார்வையாளர், மற்றவர் நகராட்சியில் பொறியாளர். அக்காவைக் கட்டியவரும் தங்கையைக் கட்டியவரும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்காரும்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

விசில்காரர் என்பது பூங்காவில் நடக்க வருகிறவர்கள் வைத்த பெயர். புல்லில் யாராவது கால் வைத்துவிட்டால் எந்த மூலையில் இருந்தாலும் அவருடைய விசில் வந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாகக் காலை ஐந்தரைக்குப் பெரிய கதவைத் திறந்தவரும் அவர்தான், மாலை இருட்டியதும் பூட்டியவரும் அவர்தான். சாலையை ஒட்டிப் புல்தரை, அதைத் தாண்டி மரங்கள், அதையும் தாண்டி அலை வந்து நனைக்கிற மணல் வரைக்கும் அவர் பொறுப்பு.

முந்தின நாள் இருவரும் சேர்ந்து பூங்காவைச் சுற்றிவந்து பட்டியலைச் சரிபார்த்தார்கள். விசில்காரர் படிக்க, சகலை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தார். விளக்குக் கம்பம் நாற்பது என்று விசில்காரர் படித்ததும் சகலை மெதுவாகக் கேட்டார்.

"எரியறது எத்தனைண்ணா?"

"ஒன்பது."

சகலை தலையைத் தூக்காமல் ஒன்பது என்று எழுதிக்கொண்டார். பெஞ்சு அறுபத்து நான்கில் உட்காரத் தகுந்தவை முப்பத்தொன்று. குடிதண்ணீர்க் குழாய் ஐந்து, தண்ணீர் வருவது ஒன்றில். கழிப்பறை இரண்டு, இரண்டுக்கும் கதவில்லை. ஒவ்வொரு தடவையும் சகலை முகத்தைப் பார்க்காமலே எழுதினார். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்துக் குனிந்துகொண்டாரே, அதுதான் விசில்காரருக்குப் பொறுக்கவில்லை.

ஒப்படைப்புப் பத்திரம் பதினோரு பக்கம். சர்வே எண், நான்கு எல்லை, நிபந்தனைகள். சகலை சரசரவென்று பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். விசில்காரர் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் போட்டார். மேஜையைச் சுற்றி நின்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதை முழுதாகப் படித்த ஆள் அந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

மேடையில் நகர்மன்றத் தலைவர் பேசும்போது, இத்தனை காலம் அனாதையாகக் கிடந்த பூங்கா இன்று நம் கைக்கு வந்திருக்கிறது என்றார். கூட்டம் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த விசில்காரரும் பக்கத்தில் இருந்தவர் தட்டியதைப் பார்த்து இரண்டு தட்டுத் தட்டினார். பிறகுதான் அனாதை என்ற சொல் உள்ளே போய்த் தைத்தது. அப்படியானால் இருபத்திரண்டு வருஷம் அவர் யார்?

உண்மையில் அவர் சும்மா இருந்தவர் இல்லை. விளக்கு வேண்டும், குழாய் வேண்டும், கழிப்பறைக்குக் கதவாவது வேண்டும் என்று பதினோரு வருஷத்தில் துறையின் தலைமை அலுவலகத்துக்கு எண்பத்து மூன்று கடிதம் எழுதியிருந்தார். தலைமை அலுவலகம் ஒரு பகல் முழுக்க ரயிலில் போனால் வருகிற தலைநகரத்தில் இருந்தது. அங்கே இருந்தவர்களுக்கு இந்தப் பூங்கா ஒரு கோப்பு எண். ஒரு கடிதத்துக்கும் பதில் வந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் கார்பன் வைத்து நகல் எடுத்து, எண் போட்டு, வீட்டில் ஒரு கோப்பில் கோத்து வைத்திருந்தார். மனைவிகூட அதைப் பிரித்துப் பார்த்ததில்லை.

சகலை விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரே விசில்காரர்தான். மச்சினிக்கு வரன் பார்த்தபோது மாமனார் மூத்த மாப்பிள்ளையைத்தான் விசாரித்து வரச் சொன்னார். இவர் போய் அக்கம்பக்கத்தில் கேட்டு, பையன் தங்கமான பையன் என்று வந்து சொன்னார். கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷத்திலிருந்து மாமனார் வீட்டில் எதற்கெடுத்தாலும் சின்ன மாப்பிள்ளையைக் கேளுங்கள் என்றாகிவிட்டது. மோட்டார் ஓடவில்லையா, சின்ன மாப்பிள்ளை. வீட்டு வரியில் குழப்பமா, சின்ன மாப்பிள்ளை. பெரிய மாப்பிள்ளை கூடத்தில் நாற்காலியில் மரியாதையாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சரி, ஆளைத்தான் குறை சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தங்கம் என்று சொன்ன வாய் இவருடையது.

ஒப்படைப்புக்குப் பிறகு துறை அவரைப் பழைய சாமான் கிடங்குக்கு அனுப்பியது. துருப்பிடித்த புல்வெட்டி இயந்திரங்களுக்கும் கால் உடைந்த பெஞ்சுகளுக்கும் நடுவே ஒரு மேஜை. வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டு நேரே பூங்காவுக்கு நடந்து போவார். காற்று வாங்க என்று மனைவியிடம் சொல்லுவார். போவது குறை கண்டுபிடிக்க.

நாற்பது நாளில் நாற்பது விளக்கும் எரிந்தன. முதல் நாள் அந்தி சாயும் நேரத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொண்டு கடல்வரை போனதைக் கதவோரம் நின்று பார்த்தார். பதினேழு கடிதத்தில் அவர் கேட்டது அதைத்தான். சந்தோஷப்பட வேண்டிய மனிதர். ஆனால் எரியாத கம்பம் ஒன்றாவது இருக்கிறதா என்று முதலிலிருந்து எண்ணினார். நடக்க வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பக்கத்தில் வந்து, இவங்க ஒன்றரை மாசத்துல செஞ்சுட்டாங்களே, இதுக்கா இவ்வளவு வருஷம் என்று கேட்டுவிட்டு, யாரிடம் கேட்டோம் என்பது உறைத்ததும் வேகமாக நடையைக் கட்டினார்.

குழாயில் தண்ணீர் வந்தது. பெஞ்சுகளுக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். இரண்டு வாரம் தேடி விசில்காரர் ஒரே ஒரு குறையைப் பிடித்தார்: வாசலில் வைத்த புதுப் பலகையில் பூங்கா என்பதில் கடைசிக் கால் விட்டுப்போயிருந்தது. 'பூங்க'. அன்று இரவுச் சாப்பாடு அவருக்கு ருசித்தது. மூன்றாம் நாள் யாரோ வந்து காலைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

இதைப் பொறாமை என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. நியாயம் என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். உழைத்தவன் ஒருவன், பேர் வாங்குகிறவன் ஒருவன் என்பது நியாயமா என்று கிடங்கில் இருந்த புல்வெட்டிகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு கழிப்பறைகள் வந்தன. வெள்ளை ஓடு பதித்து, கதவு போட்டு, உள்ளே தாழ்ப்பாளும் வெளியே துடைக்க ஓர் ஆளும். அதற்கு அடுத்த வாரம் விசில்காரரின் மனைவி, தங்கையுடன் பூங்காவுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"நான் இருந்தப்போ ஒருநாள்கூட நீ வந்ததில்லையே."

"வந்தா அவசரத்துக்கு எங்க போறது? ஒரு இடம் இருந்துச்சா அங்க?" என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். தலைவாரிக்கொண்டே சொன்னாள்.

அதைத்தான் ஐந்தாம் கடிதத்திலும் பன்னிரண்டாம் கடிதத்திலும் கேட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்தது. கேட்டு என்ன ஆயிற்று என்று அவள் அடுத்துக் கேட்பாள். செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

மணலும் புல்தரையும் சேருகிற இடத்தில், கடலைப் பார்த்தபடி நகராட்சி ஒரு தேநீர்க் கடை வைத்தது. மரப்பலகைத் தளம், மேலே கூரை, எட்டு மேஜை. ஆஸ்பத்திரி கேண்டீனில் வேலை பார்த்த ஓர் அம்மாளிடம் நடத்தக் கொடுத்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் விசில்காரர் மரத்தடியிலிருந்து பார்த்தார். மனைவியும் மச்சினியும் ஓர மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். அலுவலகம் முடிந்து சகலை வந்தார். மேஜைக்கு மேஜை ஆட்கள் அவரை நிறுத்திக் கைகொடுத்தார்கள். உட்கார்ந்ததும் அவர் ஏதோ சொல்ல, விசில்காரரின் மனைவி கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

அந்த இடத்திலேயே, ஒன்பதாம் பக்கத்தில் இருந்த பதினான்காவது நிபந்தனை அவருக்கு அச்சுப் பிசகாமல் ஞாபகம் வந்தது. மேற்படி நிலத்தின் எந்தப் பகுதியையும் வணிக நோக்கில் பயன்படுத்தலாகாது. மீறும் பட்சத்தில் நிலம் முழுவதும் துறையின் வசம் திரும்பும்.

மறுநாள் கிடங்கில் உட்கார்ந்து எழுதினார். பழைய எண்பத்து மூன்று கடிதத்தையும் கெஞ்சிக் கெஞ்சி எழுதியவர், இதை ஒரே மூச்சில் எழுதினார். சர்வே எண், கடையின் நீளம் அகலம், நிபந்தனையின் சொற்கள், துறையின் உரிமை என்று எல்லாம் தானாக வரிசையில் வந்து உட்கார்ந்தன. கையெழுத்துப் போட்டார். பழக்க தோஷத்தில் நகலும் எடுத்து, எண்பத்து நான்கு என்று எண் போட்டுக் கோப்பில் கோத்தார்.

ஒன்பதாம் நாள் கிடங்குத் தொலைபேசி அடித்தது. தலைமை அலுவலகத்திலிருந்து உதவி இயக்குநர் பேசினார். கடிதம் கிடைத்தது, மிகவும் முக்கியமான விஷயம், புகார் கொடுத்தவர் பெயர் வெளியே வராது, நடவடிக்கை எடுக்கிறோம் என்றார். ரிசீவரை வைத்த பிறகும் விசில்காரர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினோரு வருஷத்தில் தலைநகரம் அவருக்குச் சொன்ன முதல் பதில் அது. என்ன செய்திருக்கிறோம் என்பதைவிட, பதில் வந்துவிட்டதே என்பதுதான் அப்போது அவருக்குப் பெரிதாக இருந்தது.

நான்கு நாளில் துறையின் ஆட்கள் வந்து பெரிய கதவைப் பூட்டி, விசாரணை முடியும் வரை பூங்கா மூடப்படும் என்று காகிதம் ஒட்டினார்கள். மின்சாரத்தைத் துண்டித்தார்கள். சகலைக்கு நகராட்சி மெமோ கொடுத்தது: நிபந்தனையைப் படிக்காமல் கடைக்கு இடம் ஒதுக்கியதற்கு விளக்கம் கேட்டு. சாவியைத் தற்காலிகப் பொறுப்பாக யாரிடம் கொடுப்பது என்று யோசித்து, இடம் தெரிந்த ஆள் என்று விசில்காரரிடமே கொடுத்தார்கள்.

அன்று மாலை சகலை வீட்டுக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. எழுதியது இவராக இருக்கும் என்ற சந்தேகம் அவருக்குத் துளியும் இல்லை. உதவி கேட்டு வந்திருந்தார்.

"யாரோ எழுதிப் போட்டிருக்காங்கண்ணா. உங்க ஆபீஸ் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நான் என்ன பதில் கொடுக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

விசில்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பொறுமையாக இருக்கச் சொன்னார். இதெல்லாம் வேலையில் சகஜம் என்றார். நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். சகலை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் இவரிடம் யோசனை கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. சொல்லவே கூச்சமான விஷயம், அந்த அரை மணி நேரம் விசில்காரருக்கு நன்றாக இருந்தது. சகலை எழுந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான், குனிந்த அந்த முதுகைப் பார்க்க முடியாமல் விசில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சகலைக்கு ஏதாவது கை கொடுக்க முடியுமா என்று நினைத்து, ஒப்படைப்புக் காகிதங்களைத் தேடியவள் மனைவி. பத்திரத்தின் நகல் கிடைக்கவில்லை, கோப்புக் கிடைத்தது. மறுநாள் காலை அவர் குளித்துவிட்டு வந்தபோது அவள் சமையலறை மேஜையில் எண்பத்து நான்காவது நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்ற எண்பத்து மூன்றும் பக்கத்தில் இருந்தன. எல்லாவற்றையும் படித்திருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"நீங்க எழுதினதுலயே இதுதான் நல்லா இருக்கு" என்றாள்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இரண்டையும் செய்யவில்லை. தங்கையிடம் சொல்லப்போவதில்லை என்றாள். சொன்னால் அவள் இந்த வாசலை மிதிக்க மாட்டாள், தனக்கு இருப்பது ஒரே தங்கை என்றாள். பிறகு மற்றக் கடிதங்களை எடுத்து ஓரம் தட்டி ஒழுங்காக அடுக்கினாள்.

"இவ்வளவு கேட்டிருக்கீங்க. ஒருநாள் என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. நான் என்னமோ நீங்க விசில் ஊதிட்டு வர்றீங்கன்னு நெனச்சுட்டேன்."

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

பூங்கா அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. தினமும் காலையும் மாலையும் சின்னக் கதவைத் திறந்துகொண்டு தனியாக உள்ளே போய்ச் சுற்றிவந்தார். புல் கணுக்கால் வரை வளர்ந்திருந்தது; மிதிக்க ஆளில்லை. கடைத் தளத்தின்மேல் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. கம்பிக்கு வெளியே நடக்க வந்தவர்கள் சாலையோரமாகவே போய்வந்துகொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டு, எப்போ திறப்பாங்க சார் என்று கேட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

கடைக்கார அம்மாள் ஒருநாள் கெட்டிலையும் அடுப்பையும் எடுத்துப்போக வந்தாள். அவர் திறந்துவிட்டார். அவள் ஒவ்வொரு சாமானாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். ஒரு ஆள் சாப்பிட்டுவிட்டுத் துப்பிவிட்டுப் போகிற ஆஸ்பத்திரி கேண்டீனில் பதினாறு வருஷம் நின்றவள், கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது ஒரு மாதம்தான் என்றாள்.

"யாரு வயிறு எரிஞ்சுதோ" என்று சொல்லிவிட்டு, அவரே எழுதியவர் என்று தெரியாமல், கதவைத் திறந்துவிட்டதற்கு அவருக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனாள்.

விசாரணைக்கு வந்த உதவி இயக்குநர், தொலைபேசியில் கேட்ட குரலை வைத்து அவர் நினைத்ததைவிட இளையவர். முப்பத்தைந்து வயதுப் பெண்மணி. தோளில் துணிப்பை, கையில் கனத்த கோப்பு ஒன்று. பூங்கா அலுவலக அறையில் மேஜைமேல் அதைப் பிரித்து வைத்தார். விசில்காரரின் எண்பத்து மூன்று கடிதங்களும் அதில் இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் 'பார்த்தேன்' என்று யாரோ ஒருவருடைய சுருக்கொப்பம். கிழித்துப் போடவில்லை, தொலைக்கவில்லை. பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

ரயிலில் முழுக்கப் படித்துக்கொண்டே வந்ததாக அவர் சொன்னார். பதில் போடாமல் இருந்ததற்குத் துறை சார்பில் வருத்தமும் தெரிவித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, நிலம் திரும்பி வந்தால் பொறுப்பு மறுபடி உங்களுக்குத்தான், இந்தத் தடவை நீங்கள் கேட்டதெல்லாம் நடக்கும்படி நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் பொய் சொல்லுகிற ஆளாகத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் சகலை வந்தார். மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். உதவி இயக்குநர் விதிமுறையைச் சொன்னார்: கடை வணிகமா, வருகிறவர்களுக்கான வசதியா என்பதுதான் கேள்வி, இடத்தை நீண்ட காலம் பார்த்துக்கொண்டவர் என்ற முறையில் மேற்பார்வையாளரின் கருத்து முக்கியம். அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று கோப்பைப் புரட்டி முப்பத்தேழாவது கடிதத்தை எடுத்தார். அதை விசில்காரரிடமே நீட்டிப் படிக்கச் சொன்னார்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தின தன் கையெழுத்தை அவர் சத்தமாகப் படித்தார். மணலும் புல்லும் சேரும் இடத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்து தேநீர் அருந்த ஓர் எளிய கடை இருந்தால், மாலை நேரங்களில் பெண்களும் குடும்பத்துடன் வந்து இளைப்பாறுவார்கள் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். படிக்கும்போதே அதை எழுதிய நாள் ஞாபகம் வந்தது. பெண்களும் என்று எழுதியபோது அவர் நினைவில் இருந்தது ஊரில் உள்ள பெண்கள் இல்லை. அவள் ஒருத்திதான். அந்த இடத்தில் ஒரு மேஜை போட்டு, அவளை உட்காரவைத்து, இதோ பார் என் பூங்கா என்று காட்ட வேண்டும் என்று இருந்தது.

"இப்ப நீங்களே சொல்லுங்க. கடை நிபந்தனையை மீறுதா?" என்று கேட்டார் உதவி இயக்குநர்.

"மீறலைங்க மேடம். அது வர்றவங்களுக்கான வசதி. நான் கேட்டதும் அதேதான்."

"அப்போ இந்தப் புகார்?" அவர் எண்பத்து நான்காவது கடிதத்தைக் கவிழ்த்தே வைத்திருந்தார். யாருடையது என்று சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை என்று தெரிந்தது. யாரோ விவரம் தெரியாமல் எழுதியது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சகலை வெகுளியாக இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அண்ணன் காப்பாற்றிவிட்டார் என்ற நிம்மதியோடு.

அந்த நிம்மதிதான் விசில்காரரால் தாங்க முடியாமல் போயிற்று.

"அதையும் நான்தான் எழுதினேன்" என்றார். உதவி இயக்குநரைப் பார்த்துச் சொல்லவில்லை. "பதினோரு வருஷம் கேட்டேன், எனக்குக் கெடைக்கல. நீ வந்த, மூணு மாசத்துல எல்லாம் நடந்துச்சு. என் பொண்டாட்டி வந்து உக்காந்து சிரிச்சா. பாத்துக்கிட்டு இருக்க முடியல தம்பி. அதான் எழுதினேன்."

உதவி இயக்குநர் பேனாவின் மூடியைப் போட்டார். சகலை எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளிவிட்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வெகுநேரம் கிளம்பவில்லை.

மூடிய இருபத்தாறாம் நாள் பூங்கா திறந்தது. கடையைப் பார்வையாளர் வசதி என்று துறை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டது. அதற்கு ஆதாரமாக விசில்காரரின் முப்பத்தேழாவது கடிதத்தையே இணைத்திருந்தார்கள். சகலையின் மெமோ ரத்தாயிற்று. விசில்காரருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதையும் எண் போட்டுக் கோப்பில் வைத்தார்.

வீட்டில்தான் ஒன்றும் திறக்கவில்லை. சகலை வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தார். மச்சினி அக்காவிடம் தொலைபேசியில் பேசிய பேச்சு அடுத்த அறைவரை கேட்டது. அதற்குப் பிறகு மூன்று மாதம் பேச்சே இல்லை. விசில்காரர் ஒரு தடவை அவர்கள் வீட்டுக்குப் போனார். சகலை உள்ளே இருந்தும் வெளியே வரவில்லை. மச்சினி கதவருகே நின்று, அவர் தூங்குறார் மாமா என்றாள். காலை பத்து மணி. இவர் சரிம்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பிவந்தார். பிறகு மெல்ல மெல்ல, அவர் கிடங்குக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து மச்சினி அக்காவைப் பார்க்க வரத் தொடங்கினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கழுவிக் கவிழ்த்த டம்ளர் இரண்டு இருக்கும். அவர் அவற்றை எடுத்து அலமாரியில் வைப்பார். அன்றைக்கு மனைவியின் குரல் கொஞ்சம் இளகியிருக்கும்.

உண்மையைச் சொல்லிவிட்டதால் மனசு சுத்தமாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. மரங்களுக்கு நடுவே செங்கல் பாதை போட்டபோதும், செய்தித்தாளில் சகலையின் படம் வந்தபோதும் பழைய இடத்தில் பழையபடி எரிந்தது. ஒரே ஒரு வித்தியாசம். இப்போது அவர் அதை நியாயம் என்று அழைப்பதில்லை. வந்துட்டியா என்று மனசுக்குள் கேட்டுவிட்டு நடந்துபோவார்.

பதினான்கு மாதம் கழித்து சகலைக்குப் பதவி உயர்வு வந்தது. பெரிய நகரம் ஒன்றில், கடற்கரை முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு. மனைவிதான் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை காலை சாமான் ஏற்றுகிறார்கள் என்று. அவரை வா என்று கூப்பிடவில்லை. அவள் கிளம்பிப் போன பிறகு விசில்காரர் கொஞ்ச நேரம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கடற்கரை முழுவதற்கும் என்ற சொல் உள்ளே போய்ச் சுட்டது. பேப்பரை இரண்டு தடவை மடித்தார், பிரித்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

வாசலில் லாரி நின்றிருந்தது. ஏற்றுகிற ஆட்கள் இருவர்தான் வந்திருந்தார்கள். மூன்றாமவன் வரவில்லை என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. மச்சினி இவரைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். மனைவி பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே இருந்தாள், தலையைத் தூக்கவில்லை. இவர் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். படுக்கையறையில் சகலை ஒரு மர அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்துக்கு ஆளைத் தேடி நின்றிருந்தார். தேக்கு அலமாரி, மாமனார் கொடுத்தது. விசில்காரர் சட்டைக்கையை மடித்துவிட்டு மறுபக்கத்தைப் பிடித்தார்.

சகலை அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து தூக்கினார். இவரும் தூக்கினார். அது நல்ல கனம். இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு அடி அடியாக நகர்த்திக் கூடத்தைத் தாண்டி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். விசில்காரர் பின்பக்கமாக நடந்ததால் நிலைப்படி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"கையப் பாத்துங்கண்ணா. இடிச்சுக்கப் போறீங்க" என்றார் சகலை.

விசில்காரர் கையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு, படியில் காலை வைத்தார்.